புண் ஆறுவதும் மனம் ஆறுவதும்

ஆக்லாந்தில் இப்போது ஞாயிறு காலை. லண்டனிலும் டொரொண்டோவிலும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் சனிக்கிழமையே முடியவில்லை.

இலக்கியக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் என்ன பேசுவது என்று யோசித்தபோது, என் வேலைக்கும் உங்கள் வேலைக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைத்தது. 'ஆறுதல்'. காப்பி ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, வெட்டுக்காயம் ஆறுகிறது. துக்க வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான். 'புண்' என்ற சொல்லும் அப்படியே. தையல் போட்ட இடத்தில் இருப்பதும் புண், நெருங்கிய சொந்தம் சொன்ன ஒரு வார்த்தையால் வருவதும் புண். பொறாமைக்கு வயிறு எரிகிறது, பயத்துக்குக் குலை நடுங்குகிறது, கவலைக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மனசில் நடப்பதைச் சொல்ல நம் மொழி எப்போதும் உடம்பைத்தான் கூப்பிடுகிறது.

இது வெறும் பேச்சு வழக்கு, அலங்காரம் என்று நினைக்கலாம். ஆனால் மனம் ஆறாவிட்டால் தோலில் உள்ள காயமும் தாமதமாக ஆறுகிறது என்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு முக்கியமான பங்கு நான் வாழும் இந்த ஆக்லாந்து நகரத்துடையது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் மனநல நிபுணர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் செவிலியர் பட்டயம் படித்து, கடல் கடந்து வந்து வார்டில் நிற்கிறவள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது இந்த விஷயம் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வேகமாக நடக்கும் ஒன்றைப் பார்ப்போம். 2011 பிப்ரவரி 22, பகல் 12.51 மணி. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கிரைஸ்ட்சர்ச் நகரத்தில் 6.3 அளவில் நிலநடுக்கம். 185 பேர் இறந்தார்கள். அடுத்த நான்கு நாட்களுக்குள் அங்குள்ள மருத்துவமனைக்கு 21 பெண்கள் நெஞ்சு வலியோடு வந்தார்கள். இசிஜி மாரடைப்பு போலவே காட்டியது. ஆனால் இதயத்தின் ரத்தக் குழாய்களில் மாரடைப்பை உண்டாக்கும் அடைப்பு இல்லை. இதயத்தின் கீழ்ப்பகுதி மட்டும் பலூன் மாதிரி உப்பி, சரியாகச் சுருங்காமல் இருந்தது.

இந்த நோய்க்கு ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் 'டாகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் குடுவைக்கு அந்தப் பெயர். வாய் குறுகி அடி பருத்திருக்கும். உப்பிய இதயம் படத்தில் அப்படித்தான் தெரியும். பேரச்சத்திலோ பெருந்துக்கத்திலோ உடம்பில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் ஒரேயடியாகப் பாய்ந்து இதயத் தசையைத் தாக்குகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனாலும் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய நோய்தான். 'சேதி கேட்டு நெஞ்சு வெடித்துப் போனாள்' என்று நம் ஆச்சிகள் சொல்வதில் இத்தனை உண்மை உண்டு.

நிலநடுக்கம் நிமிடத்தில் வந்து போவது. வருடக்கணக்கில் ஓடும் கவலை என்ன செய்யும்? அதற்கு அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம். ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவும் 1995இல் வெளியிட்டது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அவர்களுக்கு ஈடான வயதும் வருமானமும் உள்ள வேறு 13 பெண்கள். இரு தரப்பினருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் காயத்தைச் சம்மதத்தோடு உண்டாக்கி, ஆறும்வரை கவனித்தார்கள். மற்றவர்களைவிட, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது.

காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கவலை வந்தால் மூளையின் அடிப்பகுதியிலிருந்து செய்தி போய், சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்னும் சுரப்பை விடுகிறது. கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது. ஓடவும் சண்டை போடவும் உடம்பைத் தயார் செய்கிறது. ஆனால் காயம் பட்ட இடத்துக்கு முதலில் வர வேண்டியவர்கள் நோய் எதிர்ப்பு அணுக்கள். குப்பையை அள்ளி, கிருமியைத் துரத்தி, புதுத் தோல் வளர இடம் செய்கிறவர்கள் அவர்கள். அவர்களைக் கூப்பிடும் ரசாயனச் செய்திகளைக் கார்ட்டிசோல் அடக்கிவிடுகிறது. நாள் முழுக்கக் கவலையில் இருக்கும் உடம்பில் கொத்தனார் வரவே தாமதமாகிறது. பிறகு சுவர் எப்படி எழும்பும்?

இனி ஆக்லாந்து. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பிராட்பென்ட் என்னும் உடல்நல உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். கவலை காயத்தைத் தாமதப்படுத்துகிறது, சரி. அந்தக் கவலையைக் காகிதத்தில் இறக்கி வைத்தால் காயம் சீக்கிரம் ஆறுமா?

2013இல் வெளியான அந்த ஆய்வில் 64 முதல் 97 வயது வரையிலான 49 பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தங்கள் வாழ்க்கையில் மிகவும் பாதித்த ஒரு சம்பவத்தைப் பற்றி, ஒரு நாளைக்கு 20 நிமிடம் வீதம் மூன்று நாள் எழுதினார்கள். மற்றவர்கள் உணர்ச்சி கலக்காமல் அன்றாட வேலைகளைப் பற்றி எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து மேற்கையின் உட்புறத்தில் 4 மில்லிமீட்டர் காயம் உண்டாக்கிப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். 11ஆம் நாள், மனப்பாரத்தை எழுதியவர்களில் 76 விழுக்காட்டினருக்குக் காயம் முழுதாக ஆறியிருந்தது. அன்றாடம் எழுதியவர்களில் 42 விழுக்காட்டினருக்குத்தான்.

எழுதுகிற உங்களில் சிலர் இதைக் கேட்டுப் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் பெட்ரி, ரோஜர் பூத் ஆகியோர், இந்த எழுத்து முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரோடு சேர்ந்து 1995இல் இன்னொன்றையும் காட்டியிருந்தார்கள். 40 மருத்துவ மாணவர்களில் ஒரு பாதி மனக்காயங்களைப் பற்றி நான்கு நாள் எழுதினார்கள், மறு பாதி சாதாரண விஷயங்களை எழுதினார்கள். பிறகு எல்லோருக்கும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. நான்காம் மாதமும் ஆறாம் மாதமும் ரத்தத்தைச் சோதித்தபோது, மனக்காயத்தை எழுதியவர்களிடம் எதிர்ப்புச் சக்தி கூடுதலாக இருந்தது.

இவை சிறிய ஆய்வுகள். எழுதினால் எல்லா நோயும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே ஆக்லாந்து குழு பின்னர் செய்த ஆய்வில், காயத்துக்கு முன்னால் எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, காயத்துக்குப் பிறகு எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. கொடுமையான அனுபவம் உள்ளவர்கள் தனியாக உட்கார்ந்து கிளறாமல், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்வதே நல்லது. ஆனால் ஒன்று உறுதி. சொல்லாமல் வைத்திருப்பதற்கும் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது.

இது ஒரு வழிப்பாதை இல்லை. உடம்பும் மனசைப் பிடித்து ஆட்டும். காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு பிடிக்காது, யாரோடும் பேசத் தோன்றாது, சின்ன விஷயத்துக்கும் அழுகை வரும். கிருமியோடு போராடும் அணுக்கள் மூளைக்கும் செய்தி அனுப்பி, 'படுத்துக்கொள், சக்தியைச் செலவழிக்காதே' என்று சொல்வதன் விளைவு அது. மூட்டுவாதம், சர்க்கரை, இதய நோய் என்று வருடக்கணக்கில் அழற்சி ஓடும் உடம்பில் இந்தச் செய்தி நிற்காமல் போய்க்கொண்டிருக்கலாம். நாள்பட்ட நோயாளிகளிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தைராய்டு குறைந்தால் வரும் சோம்பலும் அழுகையும் அப்படியே மனச்சோர்வு போலிருக்கும். பி12 சத்துக் குறைவு, குறிப்பாகச் சுத்த சைவம் சாப்பிடும் நம்மவர்களிடம், மறதியாகவும் எரிச்சலாகவும் வெளிப்படலாம். வயதானவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இன்னொன்று. நேற்றுவரை நன்றாகப் பேசிய பெரியவர் இன்று மகளை அடையாளம் தெரியாமல் பேசுகிறார், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார். வீட்டில் பதறிப்போய் 'புத்தி பேதலித்துவிட்டது' என்கிறார்கள். சிலர் செய்வினை என்கிறார்கள், சிலர் ஜெபிக்க ஆள் கூப்பிடுகிறார்கள். நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் ஒரே நாளில் இப்படி மாறினால் முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ, உப்புக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்து மருத்துவம் பார்த்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நோயைப் பற்றி நாம் மனசில் வைத்திருக்கும் படம்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 'உங்கள் இதயம் இப்போது எப்படி இருக்கிறது, வரையுங்கள்' என்று பிராட்பென்டும் பெட்ரியும் கேட்டிருக்கிறார்கள். சிலர் முழு இதயம் வரைந்தார்கள். சிலர் ஒரு பகுதியைக் கறுப்பாக்கினார்கள். 2004இல் வெளியான அந்த முடிவு எனக்கு மறக்காது. மூன்று மாதம் கழித்து யார் தேறியிருக்கிறார்கள், யார் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்பதை, ரத்தப் பரிசோதனை காட்டிய சேதத்தைவிட அவர்கள் கையால் வரைந்த சேதமே நன்றாக முன்னறிவித்தது.

அதற்கு முன்பே, 2002இல், ஆக்லாந்தில் 65 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையில், மாரடைப்பு வந்து படுத்திருக்கும்போதே ஒரு உளவியலாளர் மூன்று முறை உட்கார்ந்து பேசினார். உங்களுக்கு என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள், எது பயமாக இருக்கிறது, வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள். அவ்வளவுதான். அப்படிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு நெஞ்சு வலியும் அவர்களுக்குக் குறைவு.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? 'அப்பாவுக்கு அட்டாக் வந்துடுச்சு, இனிமே அவர் எதையும் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, யாரும் அவர்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது.' பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால் அந்த மனிதர் மனசில் இருக்கும் தாளில் இதயத்தை நாமே கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறோம். நடக்கச் சொல்லி மருத்துவர் கொடுத்த அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'எல்லாம் மனசுதான் காரணம்' என்ற வாக்கியத்தை நோயாளியிடம் சொல்லாதீர்கள். அதைக் கேட்டவுடன் அவருக்கு இரண்டாவதாக ஒரு நோய் வருகிறது, குற்ற உணர்ச்சி. எனக்கு விவிலியத்து யோபு நினைவுக்கு வருவார். பிள்ளைகளை இழந்தார், சொத்தை இழந்தார், பிறகு உடம்பெல்லாம் பருக்கள். பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, இதற்கு நீயே காரணமாக இருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் பாவத்தைக் காரணமாகச் சொன்னார்கள், இன்று நாம் 'நெகட்டிவா யோசிச்சே, அதான்' என்கிறோம். கவலையால் புற்றுநோய் வந்தது என்று யாருடைய முகத்துக்கு நேராகவும் சொல்லுமளவுக்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. மனசைத் தேற்றுவது மருந்தோடு சேர்ந்து செய்வது. மருந்தை நிறுத்திவிட்டுச் செய்வது அல்ல.

கடைசியாக, கடல் கடந்து வாழும் நமக்கென்று உள்ள சிக்கலுக்கு வருகிறேன். ஒரு தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகனோடு இருக்க வந்தவர். 'நெஞ்சு பாரமா இருக்கு' என்று மருத்துவரிடம் சொல்ல, மகன் அதை ஆங்கிலத்தில் நெஞ்சு வலி என்று சொன்னார். சோதனைகள் செய்தார்கள், செய்யத்தான் வேண்டும், நெஞ்சு என்றால் முதலில் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது. 'ஒன்றும் இல்லை' என்று மகனுக்கு நிம்மதி. இரவு நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது தமிழில் பேசியதும் அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் அவருடைய தங்கை இறந்து நாற்பது நாளாகியிருந்தது. போக முடியவில்லை. போனில்தான் முகம் பார்த்திருக்கிறார்.

"மகன்கிட்ட சொல்லலியாம்மா?" என்று கேட்டேன்.

"அவன்கிட்ட எப்படித் தாயி சொல்லுவேன்? அவன் படுற பாடே பெரும்பாடு. சொன்னா, உன்னைக் கூட்டிட்டு வந்தது தப்போன்னு நெனப்பான்."

மகன் நல்ல பிள்ளை. ஆனால் மகன் வாய் வழியாக அந்தத் துக்கம் வெளியே வர வழியே இல்லை. மறுநாள் அவருடைய சம்மதத்தோடு இதை மருத்துவக் குழுவிடம் தெரிவித்து, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தோம். அன்றுதான் அவர் தூக்கம் இல்லாததையும் சாப்பாடு குறைந்ததையும் சொன்னார்.

நியூசிலாந்தில் நோயாளியின் உரிமைகளுக்கு 1996 முதல் சட்டபூர்வமான விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் ஐந்தாவது உரிமை, நோயாளிக்குப் புரியும்படி பேச வேண்டும் என்பது. தேவைப்படும்போது, இயன்றவரை தகுதியான மொழிபெயர்ப்பாளரைத் தருவதும் அதில் அடக்கம். தயவுசெய்து கேளுங்கள். பெற்றோருக்காக நாமே மொழிபெயர்ப்பதைப் பெருமையாக நினைக்கிறோம். சில வலிகளைப் பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாது.

இந்த மண்ணின் மாவோரி மக்களுக்கு இது புதிதே இல்லை. மாவோரி மனநல மருத்துவர் மேசன் டூரி 1980களில் உடல்நலத்தை நான்கு சுவர் கொண்ட வீடாக விளக்கினார். உடம்பு ஒரு சுவர், மனம் ஒரு சுவர், ஆன்மா ஒரு சுவர், குடும்பம் ஒரு சுவர். ஒன்று சாய்ந்தால் வீடே சாயும். இங்கே நர்ஸ் வேலைக்கு வருகிற எல்லோரும் இதைப் படிக்கிறோம். முதன்முதலில் கேட்டபோது எனக்குத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. அதன் கடைசிக் குறளும் மருத்துவத்தை நான்காகத்தான் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்பவர். அந்த நான்காவது ஆள் நான். வீட்டில் அந்த நான்காவது ஆள் நீங்கள்.

அதனால் இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போதோ, பக்கத்து அறையில் இருக்கும் அம்மா அப்பாவிடமோ, 'மாத்திரை போட்டாச்சா, சுகர் எவ்வளவு' என்று கேட்டு முடித்த பிறகு, இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'ராத்திரி தூங்கினீங்களா? மனசுல என்ன ஓடுது?' பதில் வர நேரம் ஆகும், காத்திருங்கள். விளக்கம் சொல்லாமல் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் விருப்பமும் இல்லை என்றால் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உடம்பையும் சோதிக்கச் சொல்லுங்கள், மனசையும் கேட்கச் சொல்லுங்கள். நியூசிலாந்தில் இருப்பவர்கள் எந்த நேரமும் 1737 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். நெஞ்சு வலி என்றால் மட்டும் 'கவலையாக இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே 111ஐக் கூப்பிடுங்கள். அதை முடிவு செய்வது எங்கள் வேலை.